சூட்டு முனையில் மூன்று முட்டை

ஒரு காட்டில் சிங்கராஜாவுக்குப் புழுங்கியது. குடிகளுக்கு வருஷம் முழுக்கப் புழுங்குவதுதான். ராஜாவுக்குப் புழுங்கிய பிறகே அது பிரச்சினை ஆனது. உடனே அவருடைய குகை ஆபீசுக்கு ஒரு மூங்கில் குழாய் வந்தது. விசிறி கிடையாது, மின்சாரம் கிடையாது. யானை குழாயின் பக்கத்துத் துளையில் தும்பிக்கையை வைத்துத் தம் கட்டி ஊதும். காற்று உள்ளே சுற்றிச் சுற்றி ஓடும். ஓரத்துக் காற்று சூடாகி ஒரு முனையில் வெளியேறும். நடுக்காற்று குளிர்ந்து, திரும்பி வந்து மறுமுனையில் வெளியேறும். குளிர் முனையை ஆபீசுக்குள் விட்டார்கள். சூட்டு முனையை மனு கொடுக்கும் வரிசைப் பக்கம் திருப்பினார்கள். வேறு எங்கே திருப்புவார்கள்?

அந்த வரிசையில் காத்தாயி என்ற கௌதாரி நின்றாள். போன தடவை அவள் இட்ட முட்டைகளை ஒரு சாரைப்பாம்பு ஒன்றுவிடாமல் விழுங்கிவிட்டது. இந்தத் தடவை மூன்று முட்டை. மூன்று நாளில் பொரிந்துவிடும். பாதுகாப்பு கேட்டு மனு எழுதி வந்திருந்தாள். முட்டைகளும் கூடையில் இருந்தன. "அசல் வேணும், நகல் செல்லாது" என்று வாசல் குரங்கு கறாராகச் சொல்லியிருந்தது.

ஆபீஸ் ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தாள். மனு வாங்கும் குமாஸ்தா அதே சாரைப்பாம்பு!

"வாங்கம்மா, அசல் கொண்டாந்தீங்களா?" என்று அது நாக்கை நீட்டியது. "டோக்கன் நம்பர் வந்ததும் கூப்புடுறேன். அங்கயே நில்லுங்க, வீட்டுக்குப் போனாலும் சாயங்காலம் நான் வந்துடுவேன்."

காத்தாயி கூடையை அணைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள். போனால் பாம்பு. நின்றால் சூட்டுக்காற்றில் முட்டை அவிந்துவிடும். குழாயின் சூட்டு முனை வாயில் ஒரு கட்டை செருகியிருந்தது. அதன் இடுக்கில்தான் காற்று கொதித்துச் சீறியது. அவள் அலகால் கட்டையைப் பிடித்து இழுத்துத் தளர்த்தினாள். காற்று தாராளமாக வந்தது, ஆனால் சூடு தணிந்து இதமானது. அடைகாக்கும் வயிற்றுச் சூடேதான். கூடையை அங்கேயே வைத்தாள்.

காற்றில் பெரும்பகுதி இந்தப் பக்கமே போய்விட்டதால் உள்ளே குளிர்காற்று குறைந்தது. ஆனால் வந்த கொஞ்சமும் முன்னைவிட அதிகமாகக் குளிர்ந்து எலும்பைக் கடித்தது. "பேஷ்!" என்று ராஜா கம்பளி கேட்டார். பாம்புக்கு யார் கம்பளி தருவார்கள்? நாற்காலியிலேயே விறைத்துப்போனது.

மூன்று நாள் கழித்து முட்டைகள் பொரிந்தன. மூன்று குஞ்சுகளும் ஓடின. காத்தாயி அழுதுகொண்டே பின்னால் ஓடினாள். குரங்கு அவள் மனுவில், 'முட்டை இல்லாததால் தள்ளுபடி' என்று எழுதியது. மூன்று நாளாக இடத்தைவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்த பாம்புக்குச் சிறந்த ஊழியர் விருது கிடைத்தது.

நீதி: ஆபீசில் உங்களுக்குக் கிடைக்கப்போவது வெக்கைதான்; போகும்போது முட்டையோடு போங்கள்.