கரிக்கு விலை வச்ச கதை

அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒரே ஒரு நோட்டீஸ் அடிக்கிறது. அவ்வளவுதான்.

ஆலங்குடிக்குப் பக்கத்துல ஒரு ஊர்ல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். டைப்பிங், பட்டா, சிட்டா எல்லாம் எடுத்துக் குடுப்பேன். வீட்டுக்காரர் கத்தார்ல. கடையில நானும் ஒரு பழைய கம்ப்யூட்டரும்தான்.

ஊர்ல பாதிப் பேருக்கு மனு எழுதிக் குடுக்குறது நான். அதனால தமிழ்ல என்னை அடிச்சுக்க ஆளில்லன்னு எனக்கு ஒரு நெனப்பு உண்டு. அந்த நெனப்பு போன கதைதான் இது.

காலையில எங்க ஊராட்சித் தலைவர் கடைக்கு வந்தாங்க. ஊரே அவங்களைத் தலைவரக்கான்னுதான் கூப்பிடும். முந்தின நாள் திருச்சியில ஒரு பயிற்சிக் கூட்டத்துக்குப் போயிட்டு வந்திருந்தாங்க. கையில இங்கிலீஷ்ல அடிச்ச ஒரு தாள்.

"மாலதி, வர்ற கிராம சபையில ஒரு தீர்மானம் போடணும். இதைப் படிச்சு, தமிழ்ல நல்லதா ஒரு நோட்டீஸ் அடிச்சுக் குடு."

படிச்சேன். பாதி புரிஞ்சது. மீதியை அக்கா சொன்னாங்க.

"நெலக்கரி எரிச்சு கரண்டு எடுக்குறவுக, சிமெண்டு ஆலைக்காரவுக, இவுகள்லாம் விடுற புகையாலதான் வெயிலும் புயலும் இந்த அடி அடிக்குதாம். அந்தப் புகைக்கு டன்னுக்கு இவ்வளவுன்னு வெலை வச்சு, அந்தக் காசை அவுககிட்டயே வாங்கணும். டெல்லியில நாடு முழுக்க அப்புடி ஒரு சட்டம் கொண்டு வரணும்னு ஊராட்சிக எல்லாம் ஆதரிச்சுத் தீர்மானம் போடலாமாம்."

"நம்ம ஊரு தீர்மானத்தை டெல்லியில யாருக்கா படிக்கப் போறா?"

"படிக்காட்டிப் போறாக. அந்தப் பெரிய புயலுக்கு மறுநா காலையில நம்ம ஊர்ல எத்தனை தென்னை நின்னுச்சு? அதுக்கு யாராச்சும் ஒரு ஆளு பதில் சொல்லணும்னு நம்ம நோட்டுலயாவது எழுதி வைப்போமே."

தாளை மேசையில எடுத்து வச்சுக்கிட்டேன். எங்க மாமனார் தோப்புலயும் ஒண்ணு நிக்கல.

கிளம்புறப்ப அக்கா இன்னொண்ணும் சொன்னாங்க. "கூட்டம் வரணும்மா. போன தடவை ஆள் பத்தாம தேதியைத் தள்ளி வச்சோம். நோட்டீஸைப் பாத்தா சனம் ஓடி வரணும்."

ஓடி வந்துச்சு. அதான் பிரச்சினை.

மொதல்ல ஒழுங்காத்தான் அடிச்சேன். "தேசிய அளவில் கரிம விலை நிர்ணயத்தை ஆதரித்துத் தீர்மானம்." பெரிய எழுத்து, சுத்தி பூ பார்டர். பிரிண்ட் எடுத்து வச்சிட்டு நானே ரசிச்சுக்கிட்டு இருந்தேன்.

ரேசன் கார்டு ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒரு அம்மா எட்டிப் பாத்துச்சு.

"நிர்ணயமா? யாரு வீட்டுலம்மா?"

"அது நிச்சயம். இது நிர்ணயம்."

"என்னமோ ஒண்ணு. சாப்பாடு உண்டா?"

எனக்குச் சுருக்குன்னு ஆயிருச்சு. இது புரியாத தமிழ், இதை வச்சா ஒருத்தரும் வரமாட்டாங்க. எளிமையா எழுதணும். 'கரிம'ங்கிறதுல கடைசி எழுத்தை எடுத்துட்டா கரி. சின்னப் புள்ளைக்குக்கூடப் புரியும். நிர்ணயமும் வேணாம், விலை போதும்.

அழிச்சிட்டு இப்படி அடிச்சேன். "கரிக்கு நாடு முழுவதும் ஒரே விலை. நம் ஊராட்சி ஆதரவு. அனைவரும் வருக."

அக்கா மகளிர் குழுக் கூட்டத்துல இருந்தாங்க. போன்ல கேட்டேன், "அக்கா, எளிமையாப் போட்டுட்டேன், அனுப்பவா?" "ஒனக்குத் தெரியாததா, அனுப்பு"ன்னுட்டாங்க.

சாயங்காலம் ஒரு ஆட்டோவுல மைக் கட்டி ஊர் முழுக்க அறிவிப்பு. ஆட்டோக்காரர் நல்லா ராகம் போட்டுப் படிச்சார். நானும் கடை வாசல்ல நின்னு பெருமையாக் கேட்டேன்.

மறுநாள் ஷட்டரைத் தூக்குறதுக்கு முன்னாடியே கறிக்கடை வேலு அண்ணன் வாசல்ல நிக்கிறார்.

"ஏங்க மாலதி, கறிக்கு வெலை வைக்க நீங்க யாருங்க?"

"நான் எங்கண்ணே வச்சேன்?"

"நேத்து மைக்ல ஊரே கேட்டுச்சு. நாடு முழுக்க ஒரே வெலைன்னு. சென்னையில ஆடு விக்கிற வெலையும் இங்கிட்டு விக்கிற வெலையும் ஒண்ணா? காலையில இருந்து ஒரு ஆளு வாங்கல. கிராம சபை முடியட்டும், வெலை எறங்கிரும்னு போறாக."

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. நோட்டீஸை எடுத்துக் காட்டினேன். "அண்ணே, உங்க கறிக்குப் பெரிய ற. இது சின்ன ர. வேற கரி."

வேலு அண்ணன் நோட்டீஸைப் பாத்தார். அப்புறம் என்னைப் பாத்தார்.

"மைக்ல சின்ன ர எது, பெரிய ற எதுங்க?"

அவரை அனுப்பினாப் போதும்னு, "இது எரிக்கிற கரிண்ணே, அடுப்புக்கரி மாதிரி"ன்னு சொல்லிட்டேன். அவருக்கு நிம்மதி. நேரா டீக்கடைக்குப் போய், "ஆட்டுக்கறி இல்லப்பா, அடுப்புக்கரிக்குத்தான் கவர்மெண்டு வெலை வைக்கிது"ன்னு நாலு பேர்கிட்ட சொல்லிட்டுத்தான் கடைக்குத் திரும்பினார்.

எங்க பக்கம் கண்மாய்க்கரை ஓரமெல்லாம் சீமைக்கருவேலந்தான். அதை வெட்டி, அடுக்கி மண்ணால மூடி எரிச்சு மூட்டம் போட்டு, கரி எடுத்து விக்கிறவங்க நிறையப் பேரு. இது எனக்குத் தெரியாத விசயம் இல்ல. ஆனா அந்த நேரத்துல என் மூளை எங்கிட்டு போச்சுன்னு தெரியல.

கிராம சபை அன்னைக்குக் காலையில போனா, சாமியானா கொள்ளாத கூட்டம். நாற்காலி பத்தாம பள்ளிக்கூட பெஞ்சு தூக்கிட்டு வாராங்க. தலைவரக்கா முகம் பூரிச்சுப் போயிருக்கு.

"மாலதி, என்னம்மா எழுதின? பக்கத்து ஊர்ல இருந்தெல்லாம் வந்திருக்காக."

நான் அடக்கமாச் சிரிச்சேன். அப்பதான் ஒரு டிராக்டர் வந்து நின்னுச்சு. பின்னாடி டிரெய்லர் நிறையச் சாக்கு மூட்டை. மேல சின்னையா அண்ணன் உக்காந்திருக்கார். மூட்டம் போடுறவங்கள்ல மூத்தவர்.

"என்னண்ணே இது?"

"கரிதாம்மா. வெலை வச்சு கவர்மெண்டு கொள்முதல்னா சரக்கைப் பாக்காம எடுப்பாகளா? நயம் சரக்கா இருவது மூட்டை கொண்டாந்திருக்கேன். எடை மிசினு எங்க வச்சிருக்கீக?"

நான் பதில் சொல்றதுக்குள்ள ரெண்டு பேர் மூட்டையை இறக்கி, சாமியானா ஓரமா வரிசையா அடுக்க ஆரம்பிச்சிட்டாங்க.

கூட்டம் ஆரம்பிச்சது. ஊராட்சி செயலர் எந்திரிச்சு, அவர் பாணியில தீர்மானத்தைப் படிச்சார். "உமிழ்வு", "அலகு", "மேற்படி" எல்லாம் வந்துச்சு. ஒருத்தருக்கும் புரியல. படிச்சு முடிச்சதும் சின்னையா அண்ணன் எந்திரிச்சார்.

"எல்லாம் சரிங்க. மூட்டைக்கு என்ன வெலைன்னு சொல்லலையே?"

அக்கா புரியாம என்னைப் பாத்தாங்க. அப்புறம் அடுக்கி வச்ச மூட்டையைப் பாத்தாங்க. அப்புறம் மறுபடி என்னைப் பாத்தாங்க. இந்தத் தடவை புரிஞ்சு போச்சு.

"அண்ணே, இது கரியை வாங்குறதுக்கு வெலை இல்ல. புகை விடுறவுக குடுக்க வேண்டிய வெலை."

சின்னையா அண்ணன் தன் மூட்டைகளைத் திரும்பிப் பாத்தார்.

"மூட்டம் போட்டாப் புகை வரும்ல?"

"வரும்."

"அப்ப இருவது மூட்டையை ஏத்திக்கிட்டு, நானே டிராக்டர் வச்சு, தண்டம் கட்டவா வந்திருக்கேன்?"

மத்தவங்க கொல்லுன்னு சிரிச்சாங்க. அவர் சிரிக்கல. பக்கத்துல இருந்த மூட்டம் போடுற ஆளுகளும் சிரிக்கல. பாதிப் பேரு கெளம்ப எந்திரிச்சிட்டாங்க. செயலர் தலையை எண்ணிப் பாத்துட்டு, இவங்க போனா இந்தத் தடவையும் கூட்டம் செல்லாதுன்னு அக்கா காதுல சொன்னார்.

வேற வழி இல்ல. நான் எந்திரிச்சேன்.

"அண்ணே, தப்பு என்னோடது. எளிமையா எழுதுறேன்னு நெனச்சு மாத்தி எழுதிட்டேன். அக்காவுக்குத் தெரியாது. இது பெரிய பெரிய ஆலைகளுக்கு. உங்களுக்கு இல்ல."

"அப்புடின்னு அந்தத் தாள்ல எழுதியிருக்கா?"

இங்கிலீஷ் தாளை மறுபடி பாத்தேன். அப்படி ஒரு வரி அதுல இல்ல.

சின்னையா அண்ணன் உக்காரல. நிதானமாப் பேசினார். "நான் பொறக்கையிலயே கரி மூட்டவனாப் பொறக்கலம்மா. எனக்கு அறுவது தென்னை இருந்துச்சு. ஒரே ராத்திரியில படுத்துருச்சு. பொழைக்க வழி இல்லாமதான் கருவேலத்தை வெட்டப் போனேன். புகைக்காரன்தான் புயலுக்குக் காரணம்னா, அவன் வெலை குடுக்கட்டும். வேணாங்கல. என்னையும் அவனையும் ஒரே வரியில எழுதாதீக."

அக்காவுக்குக் கண்ணு கலங்கிருச்சு.

"அண்ணே, நீங்க சொல்லுங்க. சொன்னபடி எழுதுவோம்."

அவர் சொல்லச் சொல்ல செயலர் எழுதினார். பெரிய ஆலைக்குத்தான் வெலை. சிறு மூட்டம் போடுறவங்களுக்குக் கிடையாது. வசூலாகுற காசுல ஒரு பங்கு மரம் போன ஊருக்கு வரணும், முதல்ல தென்னங்கன்னுகளா வரணும். திருச்சியில இருந்து வந்த தாளைவிட எங்க தீர்மானம் நல்லா இருந்துச்சு. இது என் பீத்தல் இல்ல. அக்காவே சொன்னாங்க.

அத்தனை பேரும் கை தூக்கினாங்க. வேலு அண்ணன் ரெண்டு கையையும் தூக்கினார், கறி பேரு அடிபடாத சந்தோசத்துல.

கையெழுத்துப் போடுறப்பத்தான் அடுத்த கூத்து. மூட்டை இறக்கினவங்க கையெல்லாம் கரி. தீர்மானப் புத்தகத்துல ரேகை வைக்க மைப்பேடு தேவைப்படல. பக்கம் முழுக்கக் கருப்பு. செயலர் பதறிப்போய்த் தொடைக்க, அது இன்னும் பரவுச்சு. மேலிடத்துல கேட்டா என்ன சொல்றதுன்னு அவர் கேட்டதுக்கு, "வேற எந்த ஊருலயும் இவ்வளவு பொருத்தமாக் கையெழுத்து விழுந்திருக்காதுன்னு சொல்லுங்க"ன்னாங்க அக்கா.

எல்லாம் முடிஞ்சு மூட்டையைத் திரும்ப ஏத்துறாங்க. நானும் ஒரு கை பிடிச்சேன், பிராயச்சித்தமா. சின்னையா அண்ணன் கோபம் தணிஞ்சு கேட்டார்.

"ஆமா, இதுக்கு இங்கிலீசுல என்ன பேரும்மா?"

"கார்பன் விலைம்பாங்கண்ணே."

"கார்பனா? அட, அதை டி.வி.யில தெனம் சொல்றானே. எம்மக பாடப் புத்தகத்துலகூட இருக்கு. மொதல்லயே அப்புடிப் போட்டிருந்தா எல்லாருக்கும் புரிஞ்சிருக்குமேம்மா."

மறுநாள் கடைக் கண்ணாடியில ஒரு தாள் ஒட்டிட்டேன்: "இங்கு எதுவும் எளிமைப்படுத்தித் தரப்பட மாட்டாது."