உறுதிப் பெண்டிர் சுவடி

ஆறு இரண்டாகப் பிரிகிற இடத்தில் இருந்தது வடகோட்டம். அந்த நாட்டுக்கு மூன்று ஆண்டுகள் இரண்டு அரசர்கள் இருந்தார்கள். வடகரையில் அண்ணன், தென்கரையில் தம்பி. இருவரும் வரி வாங்கினார்கள். இருவரும் ஆள் பிடித்தார்கள். மற்றவர் நடத்துவது ஆட்சியே அல்ல என்று இருவரும் முரசறைந்தார்கள். நான்காம் ஆண்டு தம்பி தோற்றான். வென்ற அண்ணன் அரியணையில் சாய்ந்து உட்கார்ந்து, இனி வரலாறு எழுதலாம் என்றார்.

யாரைப் பற்றி எழுதுவது என்பதில் சிக்கல் வந்தது. படைத்தலைவர்களில் பாதிப் பேர் இரண்டு பக்கமும் நின்று சண்டை போட்டிருந்தார்கள். வணிகர்கள் இரண்டு பக்கமும் விற்றிருந்தார்கள். வரலாற்று அமைச்சர் மெய்க்கீர்த்தியார் மூன்று நாள் யோசித்தார்.

"பெண்களைப் பற்றி எழுதலாம், மன்னா. கொந்தளித்த காலத்திலும் கலங்காமல் நின்ற பெண்கள். இதை எதிர்த்து எவரும் வாய் திறக்க முடியாது."

"அவர்கள் என்ன செய்தார்கள்?"

"பொறுத்துக்கொண்டார்கள்."

அரசருக்கு அது பிடித்துப்போயிற்று. நூலுக்கு 'உறுதிப் பெண்டிர் சுவடி' என்று தாமே பெயர் வைத்தார்.

வரலாறு எழுதுவதில் வடகோட்டத்துக்கு ஒரு மரபு உண்டு. ஒருவரைப் பற்றி எழுதிய ஏட்டை அவர் முன்னிலையில் உரக்கப் படிக்க வேண்டும். அவர் அதன்மேல் கை வைத்து, "ஆம், இது நான்" என்று சொல்ல வேண்டும். சொன்னால் அந்த ஏடு வரலாறு. "நான் அல்ல" என்றால் ஏட்டை ஆற்றில் விட்டுவிட்டு, வரிசை குலையாமலிருக்க அதே இடத்தில் எழுதாத ஓலை ஒன்றைக் கோத்துவிடுவார்கள். அதுவரை எந்த அரசரும் நான் அல்ல என்று சொன்னதில்லை. செத்தவர்கள் கை வைக்க முடியாது என்பதால் அவர்களுக்கு ஏடு கிடையாது.

படகுத்துறை என்ற ஊருக்கு எழுத்தனாக அனுப்பப்பட்டவன் தத்தன். வயது இருபத்தெட்டு. தலைநகரக் கல்விச்சாலையில் படித்தவன். அவன் மனைவி வேண்மாளுக்கு அதுதான் ஊர். போரின் இரண்டாம் ஆண்டில் தாய்வீட்டுக்கு வந்தவள் அந்த ஆற்றில் செத்தாள். அப்போது அவன் தலைநகரில் அரச ஆணைகளுக்குப் படியெடுத்துக்கொண்டிருந்தான். 'நடு ஆற்றில் தென்படும் படகு எதுவாயினும் அம்பெய்க' என்பது அவற்றில் ஒன்று. எழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று மேலதிகாரி பாராட்டினார். சாவுச் செய்தி வந்த அன்று தத்தன் அழவில்லை. பிறகும் அழவில்லை. சாப்பிட்டான், தூங்கினான், எழுதினான்.

ஊர்ப் பெண்கள் அத்தனை பேரையும் ஒரே இடத்தில் பார்க்க முடிந்தது. மூன்று ஆண்டுகளாக வயல் தரிசு. அரசு கஞ்சித் தொட்டி திறந்திருந்தது. ஆளுக்கு ஓர் அகப்பை. வரிசையில் நின்றபடியே சொன்னார்கள்.

"நெல்லு குதிரைக்குப் போச்சு. குதிரை சிப்பாய் வயித்துக்குப் போச்சு. நாங்க புளியங்கொட்டைய வறுத்துத் தின்னோம். எழுதிக்க தம்பி" என்றாள் குயவர் தெரு மாரக்கா.

"அவ சொல்றதுல பாதி என் கதை. என் பேர மொதல்ல எழுது" என்றாள் பின்னால் நின்றவள்.

"எழுது தம்பி, நல்லா எழுது. ரெண்டு படைக்கும் பயந்து இவ புருஷன் நெல்லுக் குதிருக்குள்ள குந்தியிருந்தான். அதையும் சேத்து எழுது" என்றாள் மாரக்கா.

வரிசை சிரித்தது. தத்தன் எழுதினான்.

முதலில் பதினொரு பெண்கள் கை வைத்து ஆம் என்றார்கள். அரசுச் செலவில் மாலை போட்டார்கள். மறுநாள் தொட்டி அதிகாரி அகப்பையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு சுவடி பற்றிய இரண்டாம் ஆணையைப் படித்தார். உறுதி உடையவர்க்குக் கஞ்சி வார்ப்பது அவர்தம் உறுதியை இழிவுசெய்வதாகும். ஆகவே சுவடியில் இடம்பெற்ற பெண்டிருக்கும் அவர்தம் வீட்டாருக்கும் கஞ்சி இல்லை.

"அம்மா, புளியங்கொட்டை தின்று மூன்று ஆண்டு வாழ்ந்திருக்கிறீர்கள். வரலாறே சொல்கிறது. வரலாற்றைப் பொய்யாக்க எனக்கு அதிகாரம் இல்லை" என்றார் மாரக்காவிடம்.

"புளியமரம் இப்ப இல்லீங்களே ஐயா. அதையும் உங்க படைதானே வெட்டி எரிச்சது?"

"அது ஏட்டில் இல்லை."

அதை ஏட்டில் சேர்க்கலாமா என்று தத்தன் தலைநகருக்கு எழுதிக் கேட்டான். மெய்க்கீர்த்தியாரிடமிருந்து மூன்றாம் ஆணை வந்தது. பெண்ணின் பெருமையைப் பேசுமிடத்தில் பிறரைக் குறை சொல்வது பண்பன்று. துன்பம் வந்ததென்று எழுதலாம். தந்தவர் பெயர் கூடாது. தேவைப்படும் இடங்களில் 'போறாத காலம்' என்று எழுதிக்கொள்க.

தத்தன் எழுதிக்கொண்டான்.

ஓடக்காரி காத்தாயியின் ஏட்டை அவன் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தான். ஆற்றின் நடுத்திட்டில் நாற்பது குடும்பங்கள் பட்டினி கிடந்தபோது, இரண்டு கரையிலிருந்தும் அம்பு வரும் ஆற்றில் தானியம் ஏற்றிப் போனவள் அவள். அறுபத்துமூன்று தடவை போனாள். கடைசித் தடவை வேண்மாளும் கூடப் போனாள், மடியில் விதைநெல் மூட்டையோடு. அம்பு வேண்மாளின் கழுத்தில் பட்டது. காத்தாயி திரும்பவில்லை. ஒரு கையால் அவளை அணைத்துக்கொண்டு மறு கையால் துடுப்புப் போட்டுத் திட்டுக்குப் போய், நெல்லை இறக்கிவிட்டு, உடலோடு வந்து சேர்ந்தாள்.

வேண்மாளின் பெயர் எழுத்தில் இருந்தது அந்த ஓர் ஏட்டில்தான். தத்தன் அதை நான்கு முறை எழுதினான். வடகரையிலிருந்து அரசரின் ஆட்கள் எய்தார்கள் என்ற வரியை எடுத்துவிட்டு, போறாத காலத்தில் அம்பு பட்டது என்று வைத்தான். பெயர் நிற்க வேண்டும் என்பதற்காக வைத்தான்.

படித்துக் காட்டும் நாளன்று துறையில் தொட்டி அதிகாரி பாய் விரித்து உட்கார்ந்திருந்தார். காத்தாயி தத்தனைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போனாள்.

"அந்தப் புள்ள பேரு வேற எதுலயாச்சும் இருக்கா தம்பி?"

"இல்லக்கா."

"நான் ஆமான்னுட்டா எங்க வீட்டு நாலு அகப்பையும் போயிரும்."

"ஆமாக்கா."

"எம் புருஷனுக்குக் கால் விளங்கல. ரெண்டும் பொட்டப் புள்ள. நீ என்ன சொல்ற?"

என்ன சொல்ல வேண்டும் என்று தத்தனுக்குத் தெரியும். அவன் சொல்லவில்லை.

"நான் எழுதுறவன்க்கா. நீங்க சொல்றதக் கேட்டுக்கத்தான் முடியும்."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு போய் உட்கார்ந்தாள். தத்தன் படித்தான். மனைவியின் பெயர் வந்த இடத்தில் அவன் குரல் சற்று உயர்ந்தது. காத்தாயி கையை ஏட்டின்மேல் வைத்தாள். துடுப்புப் பிடித்துக் காய்த்துப்போன கை.

"இது நான் இல்லீங்க. எனக்குத் துடுப்பே பிடிக்கத் தெரியாது. வேண்மாள்னு யாரையும் நான் கண்ணால பாத்ததில்ல."

அதிகாரி ஏட்டை உருவி ஆற்றில் விட்டார். இழுப்பு அதிகமில்லாத நாள். ஓலை நெடுநேரம் கண்ணுக்குத் தெரிந்தது.

"மன்னிச்சிரு தம்பி."

"கஞ்சி தீந்துரும். போங்கக்கா."

அதன் பிறகு எல்லாரும் காத்தாயி சொன்னதையே சொன்னார்கள். மாலை வாங்கிய பதினொரு பேரும் திரும்பி வந்து, அன்றைக்கு மயக்கத்தில் சொல்லிவிட்டோம், அது நாங்கள் அல்ல என்று கை வைத்தார்கள். "எனக்கு உறுதியா? பல்லிய பாத்தாலே காய்ச்ச வந்துரும்" என்றாள் மாரக்கா. அவளுக்கு அகப்பை திரும்பக் கிடைத்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு ஏடுகள் ஆற்றோடு போயின. முந்நூற்றுப் பன்னிரண்டு வெற்று ஓலைகளைத் தத்தன் கோத்துக் கட்டித் தலைநகருக்குத் தூக்கிப் போனான். மற்ற ஊர்ச் சுவடிகளும் அப்படியே வந்திருந்தன.

வழியெல்லாம் அவனுக்குள் ஏதோ அசைந்தது. அரசர் சினந்து எழுவார் என்று நினைத்தான். அந்தச் சினத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும் போலிருந்தது.

மெய்க்கீர்த்தியார் சுவடியை முதலிலிருந்து கடைசிவரை ஒவ்வோர் ஓலையாகப் புரட்டினார். அவர் முகம் மலர்ந்தது.

"மன்னா, எதையும் தாங்கிக்கொள்ள நேரவில்லை என்று நாட்டுப் பெண்கள் அத்தனை பேரும் கை வைத்துச் சொல்லிவிட்டார்கள்."

"அப்படியானால் கொந்தளிப்பு?"

"நிகழவில்லை."

"பஞ்சம்?"

"வரவில்லை."

அரசர் சற்றுத் தயங்கினார். "என் தம்பி?"

"தங்களுக்குத் தம்பி ஒருவர் இருந்தார் என்பதற்கே இப்போது சான்று இல்லை, மன்னா."

தத்தன் வாய் திறந்தான். "மன்னா, கஞ்சி நின்றுவிடும் என்று பயந்துதான் அவர்கள் அப்படிச் சொன்னார்கள்."

"எந்தக் கஞ்சி?" என்று கேட்டார் அரசர்.

பஞ்சம் வராத நாட்டில் கஞ்சித் தொட்டி எதற்கு என்று நான்காம் ஆணை கேட்டது. ஒரே வாரத்தில் தொட்டிகளைப் பிரித்தார்கள். சுவடியை நாடெங்கும் பரப்ப முடிவாயிற்று. படியெடுக்க எழுத்தர்கள் தேவைப்படவில்லை என்பதால் வேலை விரைவாக முடிந்தது. கல்விச்சாலைகளில் பிள்ளைகள் அதை வைத்துப் படித்தார்கள். அண்டை நாட்டுத் தூதர்கள் புரட்டிப் பார்த்துவிட்டு, எங்கள் நாட்டுக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்று வாங்கிப் போனார்கள்.

மரபு குறையக் கூடாது என்று ஐந்தாம் ஆணை வந்தது. ஊர்ப் பெண்கள் ஒவ்வொருவரும் சுவடியின் மேல் கை வைத்து, ஆம், இது நான் என்று சொல்ல வேண்டும். படகுத்துறையில் சுவடியைப் பிடித்துக்கொண்டு தத்தன் நின்றான். அதிகாரி பட்டியலோடு உட்கார்ந்திருந்தார். வரிசை நகர்ந்தது. மாரக்கா கை வைத்து, ஆம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

காத்தாயி வந்தாள். அவள் வீட்டில் இப்போது மூன்று பேர். சின்னவள் போன வாரம் போய்விட்டாள். காத்தாயி தத்தனைப் பார்த்தாள். கையை வெற்று ஓலையின்மேல் அழுத்தி வைத்தாள்.

"இது வேண்மாள்" என்றாள்.

தத்தன் சுவடியை அவள் கைக்கு இன்னும் தாழ்த்திப் பிடித்தான். அதிகாரி தலை நிமிரவில்லை. காத்தாயியின் பெயருக்கு எதிரே 'ஆம்' என்று குறித்துக்கொண்டு, அடுத்தவளைக் கூப்பிட்டார்.