ரெண்டே நிமிசம், மாப்ள!

"ஏனுங்க மாப்ள, ரெண்டே நிமிசம்! பொன்னாடையப் போட்டுட்டு உட்டர்றேன்."

சிங்காநல்லூரில் நடுரோட்டில் கையை விரித்து நின்ற பழனாத்தாள் அத்தையை இடிக்காமலிருக்க, கிருபாசங்கர் பிரேக்கை அழுத்தினான். ஐந்து நாள் சைக்கிள் பந்தயத்தின் முதல் நாள் அது. கூட வந்த ஐம்பது பேரும் அவனைத் தாண்டிப் போய்விட்டார்கள். அத்தையோ போட்டோ சரியாக விழவில்லை என்று பொன்னாடையை எடுத்து மறுபடி போர்த்தினாள்.

போன வருடம் இதே பந்தயத்தில் மலைப்பாதையில் ஏறுகிற ஒரு நாள் ஜெயித்துத் தொலைத்ததுதான் அவன் செய்த தப்பு. அன்றிலிருந்து சொந்த ஊர் பல்லடத்தில் அவன் முகம் தொங்காத மின்கம்பம் இல்லை. இந்த வருடமோ கால் இரண்டும் அவன் பேச்சைக் கேட்பதாயில்லை.

கோச் தேவானந்தம் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார். "ஒரு நாளாச்சும் மொத பத்துக்குள்ள வா தம்பி. இல்லீன்னா அடுத்த வருசம் டீம்ல எடமில்ல."

சாயங்காலம் கிருபாசங்கர் அப்பாவுக்குப் போன் போட்டான். அப்பா ஆறுச்சாமி கோழிப்பண்ணைக்காரர். சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டவர்கள்.

"அப்பா, ஆரும் மாலை, பொன்னாடை போடக்கூடாதுன்னு சொல்லிப்போடுங்க."

"சொல்லிப்போடறேன் கண்ணு."

மறுநாள் ஒருவர் கையிலும் மாலை இல்லை. எல்லார் கையிலும் இளநீர் இருந்தது.

"மாலைதானுங்க வேண்டாம்னீங்க. இளநீருக்கு என்னங்க?"

நீட்டியதைத் தட்டிவிட்டுப் போகிற வளர்ப்பு இல்லை அவனுடையது. ஏழு இளநீர் குடித்தான். அதன்பிறகு நான்கு முறை சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் புதர் தேடி ஓடினான். அன்றைக்கு நாற்பத்து மூன்றாவது இடம்.

"அப்பா, குடிக்கறதுக்கும் எதுவும் வேண்டாம்!"

மூன்றாம் நாள் பெண்டுகள் ஆரத்தித் தட்டோடு நின்றார்கள். அவனைச் சுற்றிவிட்டு, முன்சக்கரத்துக்கு நேராகவே ஊற்றினார்கள். வழுக்கி விழுந்ததில் முழங்கைத் தோல் உரிந்தது.

"திருஷ்டி கழிஞ்சுபோச்சுங்க மாப்ள!" என்று அத்தை சந்தோஷப்பட்டாள்.

நான்காம் நாள் கொட்டுகிற மழையில் ஓர் உறவும் வெளியே தலைகாட்டவில்லை. அப்படியும் நாற்பத்தொன்பதாவதாகத்தான் வந்தான். பழி போடக்கூட ஆள் இல்லாமல் போனதை நினைத்து, போனில் அழுதேவிட்டான்.

"நாளைக்குத்தானுங்கப்பா கடைசி. என்னைய மட்டும் ஆரும் நிறுத்தாதீங்க. கும்புட்டுக் கேக்கறேன்."

"சென்னிமலை ரோட்டு மண்டபத்துல பந்திக்குச் சொல்லிப்போட்டனே கண்ணு. இருநூறு பேத்துக்கு..."

"அத நீங்க என்னமோ பண்ணிக்குங்க!"

"செரி சாமி. உன்னைய ஆரும் நிறுத்தமாட்டாங்க."

கடைசி நாள். கிளம்பிப் பத்தாவது கிலோமீட்டரிலேயே மற்றவர்கள் கண்ணுக்கு எட்டாத தூரம் போய்விட்டார்கள். தனியாக மிதித்தான். இனிமேல் கோழித்தீவன மூட்டைதான் நம் கதி என்று நினைத்துக்கொண்டான்.

மண்டபம் வந்தபோது தலையைத் தூக்காமல் கடந்தான். உள்ளே பந்திச் சத்தம் பலமாகக் கேட்டது. பெற்ற அப்பாகூட வாசலுக்கு வந்து எட்டிப் பார்க்கவில்லை. யாராவது நிறுத்தினால்கூடத் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

சென்னிமலை அடிவாரத்தில் பந்தய முடிவு வளைவின் மேல் இரண்டு பேர் ஏறிக் கயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. எல்லாம் முடிந்து வளைவையே கழற்றுகிறார்கள்! கோட்டைத் தாண்டியதும் சைக்கிளைப் போட்டுவிட்டு, ஹெல்மெட்டால் முகத்தை மூடிக்கொண்டு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டான்.

நேரம் குறிக்கிற பெண் லோகப்பிரியா மூச்சு வாங்க ஓடிவந்தாள்.

"எல்லாரும் பொறப்பட்டுப் போயிட்டாங்களாங்க?" என்று முகத்தைக் காட்டாமலே கேட்டான்.

"அட, இன்னும் ஒருத்தருமே வருலீங்க! உங்கப்பாரு நடுரோட்டுல நின்னு கையெடுத்துக் கும்புட்டு, அத்தன பேத்தையும் பந்தில உக்கார வெச்சுட்டாராம். உங்க கோச்சு இப்பத்தான் ரெண்டாந்தரம் பாயாசம் கேட்டிருக்காருங்க."