தட்டையாகிப்போன பான்தெத்

பெருமதிப்பிற்குரிய லான் அக்கா அவர்களுக்கு,

கன்தோவிலிருந்து தம்பி லுவாத் வணங்கி எழுதுவது. நானும் என் மனைவி தாமும் உடல்நலத்துடன் இருக்கிறோம். மனநலத்தைப் பற்றிக் கீழே எழுதியுள்ளேன்.

தெற்கே மாற்றலாகி வந்த நாள்முதல் பேச ஆளில்லை என்று அவள் வருந்துவதைத் தாங்கள் அறிவீர்கள். இந்தத் தெத் புத்தாண்டுப் பண்டிகைக்கும் சுவரையே பார்த்திருக்க நேர்ந்தால் தங்களிடமே வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தாள். நல்லவேளையாக எதிர்வீட்டு ஆறாமக்கா கதவைத் தட்டினார். இவ்வூரில் ஒருவர் பிறந்த வரிசையே அவர் பெயர்.

"ஏம்மா, கீழ முற்றத்துல எல்லாரும் சேந்து பான்தெத் கட்டுறோம், வாயேன். உங்க வீட்டு வாத்தியாரையும் இழுத்துட்டு வா."

நான் வாத்தியார் அல்லன், எடை அளவை ஆய்வாளர் என்று திருத்தினேன்.

"அப்ப அடுப்பை ஆய்வு பண்ணுங்க!"

நம் வீட்டுப் பான்சுங் போலச் சதுரமாக அல்லாமல், ஒட்டரிசியையும் பாசிப்பருப்பையும் பன்றிக்கொழுப்பையும் வாழையிலையில் உருளையாகச் சுற்றி வேகவைத்தார்கள். ஒன்றின் அளவு மற்றொன்றுக்கு இல்லை. ஆனால் அவர்கள் நடுவே தாம் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்ததால் நான் வாய் திறக்கவில்லை. வெந்ததை இறக்கியதும் என்னைக் காவல் வைத்துவிட்டு அனைவரும் குளிக்கச் சென்றனர். இறக்கியவுடன் பலகை போட்டுப் பாரம் ஏற்றி நீரை வடிக்க வேண்டும் என்பதுதானே நம் வீட்டு விதி? பழைய கதவொன்றைப் போட்டு, அதன்மேல் இரண்டு சிமெண்டு மூட்டைகளை ஏற்றினேன். இங்கே கயிற்றில் கட்டித் தொங்கவிடுவார்களாம். யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கதவைத் தூக்கினால், மொத்தக் குடியிருப்பின் படையலும் தட்டை!

"அய்யய்யோ, லாரி ஏறிருச்சா?" என்றார் ஆறாமக்கா. தாம் என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் தர இயலாது.

"ஒரே ஒரு கதவு தொறந்துச்சு. அதையும் மூட்டை வச்சு மூடிட்டீங்களே! நான் அக்காகிட்டயே போறேன்."

ஆகவே அவளுக்கு மாடியறையை ஒழித்துவைக்கக் கோருகிறேன். நம் முன்னோர் தங்களுக்கு எல்லா வளமும், எனக்குச் சிறிது அறிவும் அருள்வார்களாக.

கீழ்ப்படிந்த தம்பி,
லுவாத்

பின்குறிப்பு: அறையை ஒழிக்க வேண்டாம். உறையை ஒட்டும் வேளையில் ஆறாமக்கா மறுபடி கதவைத் தட்டினார். "வாத்தியாரே, எங்க மாமனார் படத்து முன்னாடி வைக்கிற பான்தெத் வருசா வருசம் உருண்டு விழும். இந்த வருசந்தான் தட்டுல அடங்கி உக்காந்திருக்கு. நாலாவது வீட்டுலயும் அதேதான் சொல்றாங்க." தாம் அவருடன் போனவள் இன்னும் திரும்பவில்லை, சிரிப்புச் சத்தம் மட்டும் வருகிறது. அடுத்த பண்டிகைக்குத் தாங்களே இங்கு வாருங்கள். பாரம் ஏற்றும் பொறுப்பை எனக்கே ஒதுக்கியிருக்கிறார்கள்.