பினாங்கிலிருந்து பேசிய திருடன்

“வெளிநாட்டு எண்ணிலிருந்து யார் பேசினாலும் ஓ.டி.பி. சொல்லக் கூடாது. குரல் பழகியதாக இருந்தாலும் சொல்லக் கூடாது. நானே பேசினாலும் சொல்லக் கூடாது. சந்தேகம் வந்தால் உடனே வங்கிக்குப் போன் செய்து கணக்கை முடக்கவும்.”

ஆனி மாதம் முதல் செவ்வாய்க்கிழமை என்று தேதி போட்டு, கீழே கையெழுத்தும் போட்டு, எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் நான் ஒட்டிய அறிவிப்பு இது. சில வருடங்கள் ஆகியும் அங்கேயேதான் இருக்கிறது. அதைக் கிழிக்க எனக்கு அனுமதி இல்லை. வருகிற விருந்தாளிகளுக்குக் காப்பி கொடுப்பதற்கு முன்பே என் மனைவி சரோஜா அதைப் படித்துக் காட்டிவிடுகிறாள்.

நான் வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் கோப்புகளுக்கு நடுவே வேலை பார்த்தவன். திருவண்ணாமலையில் எந்த வருடம் எந்தத் தேதியில் முதல் மழை பெய்தது, தேர் எப்போது நிலைக்கு வந்தது என்றெல்லாம் குறித்து வைப்பது என் பொழுதுபோக்கு. (சரோஜா இதை வியாதி என்பாள்.) தேதி தவறாக யாராவது ஒன்றைச் சொன்னால், அவர் துக்க வீட்டில் அழுதுகொண்டிருந்தாலும் திருத்திவிட்டுத்தான் உட்காருவேன்.

இந்தக் குணத்தால் வீட்டில் ஒரு தீராத வழக்கு உண்டு. எங்கள் ஒரே மகள் கார்த்திகை தீபத்தன்று பிறந்தாள். அதனால்தான் தீபா. மலை உச்சியில் தீபம் ஏற்றியதும் ஊரே “அரோகரா” என்று முழங்குமே, அந்த முழக்கமும் குழந்தையின் முதல் அழுகையும் ஒன்றாகக் கேட்டன என்பது சரோஜாவின் வாக்குமூலம். குழந்தை அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே பிறந்துவிட்டது என்பது என் வாக்குமூலம். பெண் குழந்தை என்று ஆஸ்பத்திரி ஆயா வந்து சொல்லி, நான் இனிப்பு வாங்கக் கடைக்குப் போய், அங்கே நிற்கும்போதுதான் அரோகரா கேட்டது. நான் இதைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் சரோஜா எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவாள். இத்தனை வருடங்களில் நான் ஒரு நிமிடம்கூட விட்டுக்கொடுத்ததில்லை.

நான் மலேசியாவுக்குச் சுற்றுலா கிளம்பியபோது எனக்கிருந்த ஒரே பயம் போன் பில். தூரத்து உறவினர் ஒருவர் சிங்கப்பூருக்குப் போனார். போனைப் பையிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை. அப்படியும் பில் பைக்குள்ளேயே ஏறிவிட்டது என்று ஒரு கல்யாணப் பந்தியில் சொன்னார்கள். அன்றைக்கு எனக்குப் பாயசம் இறங்கவில்லை. என் போன் நிறுவனத்தின் வெளிநாட்டுத் திட்டத்தை விசாரித்தேன். விலையைச் சொன்ன பெண் மரியாதையாகத்தான் சொன்னாள், ஆனாலும் எனக்குக் கோபம் வந்தது.

எனவே நானே ஒரு திட்டம் போட்டேன். என் சிம்மைக் கழற்றிப் பழைய பட்டன் போனில் போட்டு, ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டேன். என் போன் சிம் இல்லாமல் என்னோடு வரும். ஓட்டலில் இலவச வைஃபை கிடைக்கும். வீட்டோடு தொடர்பு மின்னஞ்சலில் மட்டும். வங்கியிலிருந்து வரும் ரகசிய எண்கள் பட்டன் போனுக்கு வந்துவிடுமே, அதை மோசடிக்காரர்கள் கேட்டால் என்ன செய்வது? அதற்காகத்தான் அந்த அறிவிப்பு. பக்கத்திலேயே, போலிக் குரலும் போலி முகமும் செய்து ஏமாற்றுகிறார்கள் என்ற பத்திரிகைச் செய்தியையும் வெட்டி ஒட்டினேன். சரோஜாவை எதிரில் உட்காரவைத்து வகுப்பும் எடுத்தேன். அவள் வழக்கம்போல் காதில் வாங்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

பினாங்கில் இறங்கிய பிறகுதான், வைஃபை ஓட்டல் மாடிப்படிக்குக் கீழே மட்டும் எடுக்கும் என்று தெரிந்தது. கூட்டமே ஊர் சுற்றக் கிளம்ப, நான் மட்டும் படிக்கட்டுக்குக் கீழே தலையைக் குனிந்து நின்றேன். எங்கள் குழுவில் கீழ்பென்னாத்தூர் வேர்க்கடலை வியாபாரி பன்னீர் என்பவர் இருந்தார். வேனில்தான் பழக்கம். அவர் திட்டத்துக்குப் பணத்தைக் கட்டிவிட்டு, நடக்கும் இடமெல்லாம் வீட்டோடு பேசிக்கொண்டே வந்தார். என்னைப் பார்த்து, “சார், இப்படி நின்னா கழுத்து புடிச்சிக்கும். அந்த வைத்தியச் செலவு இன்னும் ஜாஸ்தி ஆவும்,” என்றார்.

வெட்கத்தில், அன்று காலை ஒரு கடையில் இருப்பதிலேயே மலிவான உள்ளூர் சிம் ஒன்றை வாங்கிப் போட்டேன். வாட்ஸ்அப் உடனே, உங்கள் எண் மாறிவிட்டதா என்று கேட்டது. இல்லை என்றால் காசு பிடிப்பார்களோ என்று பயந்து ஆமாம் என்றேன். ஆக, நான் யாரைக் கூப்பிட்டாலும் முன்பின் தெரியாத மலேசிய எண்ணாகத் தெரிந்தேன். முகப்புப் படம்? அண்ணாமலை. (எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு அதே மலை, அதே கோணம்.) புது எண்ணை வீட்டுக்குச் சொல்ல மதியச் சாப்பாடு முடியட்டும் என்று இருந்தேன்.

சாப்பாட்டின் நடுவில் தீபாவின் மின்னஞ்சல் வந்தது.

“அப்பா, எம்.எஸ்ஸி. முதல் லிஸ்ட்லயே வந்துட்டேன். பீஸ் இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள கட்டணும்னு திடீர்னு சொல்றாங்க. இல்லன்னா சீட் அடுத்த ஆளுக்குப் போயிடும். நீங்க நெட்பேங்கிங்ல கட்டிடுங்க, லிங்க் கீழ இருக்கு. சர்டிஃபிகேட் பாக்க உள்ள கூப்பிடறாங்க, போன வாசல்லயே வாங்கி வச்சிக்கிறாங்க.”

சென்னையில் அந்தக் கல்லூரியில் அந்தப் படிப்புக்காக அவள் ஒரு வருடம் வீட்டிலேயே உட்கார்ந்து படித்தவள். முந்தைய வருடம் இடம் கிடைக்காதபோது, மொட்டை மாடியில் மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த முதுகு எனக்கு ஞாபகம் வந்தது. கையிலிருந்த சோறு கையிலேயே நின்றது.

கடிகாரத்தைப் பார்த்தேன். அது மலேசிய நேரம். ஊர் நேரத்துக்கு இரண்டரை மணி கழிக்க வேண்டும். நான் பதற்றத்தில் கூட்டினேன். கெடு முடிந்தேவிட்டது என்று அழத் தயாரானபோது பன்னீர்தான், “கழிங்க சார்,” என்றார். தேதியும் நேரமும் என் துறை என்று அதுவரை அவரிடம் பெருமை பேசிக்கொண்டிருந்தேன்.

கல்லூரிப் பக்கத்தைத் திறந்து, வங்கி விவரங்களை அடித்தேன். பதிவு செய்த எண்ணுக்கு ஓ.டி.பி. அனுப்பப்பட்டது என்று வந்தது. பதிவு செய்த எண் ஃபிரிட்ஜ் மேல் இருந்தது. சரோஜாவைக் கூப்பிட்டேன்.

“அலோ, யாருங்க?”

“நான்தான் சரோ. அந்த பட்டன் போன எடு. ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லு.”

அப்போது அவள் பின்னால் பட்டன் போன் ‘டிங்’ என்றது. கடல் தாண்டி, என் சமையலறையில், என் ஓ.டி.பி. வந்து இறங்கியதை என் காதால் கேட்டேன்.

“வந்துடுச்சு பாரு. அதான்.”

“நீங்க யாருங்க?”

“உன் வீட்டுக்காரன்.”

“அவரே பேசினாலும் சொல்லக் கூடாதுன்னு எழுதி வச்சிருக்காருங்க.”

“அத எழுதினதே நான்தான்.”

“அது வரைக்கும் தெரிஞ்சிக்கிட்டுதான் பேசறியா நீ.”

மரியாதை குறைந்தது இந்த இடத்தில்தான். முகத்தைக் காட்டினால் தீர்ந்தது என்று வீடியோவுக்கு மாறினேன். அன்று பௌர்ணமி. பௌர்ணமியன்று எங்கள் ஊரில் செல்போன் சிக்னலும் ஜனங்களோடு கிரிவலம் கிளம்பிவிடும். என் முகம் கட்டம் கட்டமாக உடைந்து, வாய் ஒரு பக்கமும் வார்த்தை ஒரு பக்கமுமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. சரோஜா திரைக்கு அருகே வந்து உற்றுப் பார்த்தாள். ஃபிரிட்ஜ் கதவிலிருந்த செய்தித் துண்டையும் ஒரு முறை பார்த்துக்கொண்டாள்.

“மொகத்த சரியாவே செய்யலியே தம்பி. அவருக்கு இப்படியெல்லாம் வேர்க்காது.”

பன்னீருக்குப் பொறுக்கவில்லை. போனை வாங்கி, “அக்கா, நான் கீழ்பென்னாத்தூர் பன்னீருங்க. இவரு உங்க வீட்டுக்காரருதாங்க,” என்றார்.

“கூட்டாளி வேற வச்சிருக்கியா,” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அதற்குள் அந்த ஓ.டி.பி. காலாவதியாகிவிட்டது. அக்கம்பக்கத்து வீடுகளைக் கூப்பிட்டேன். ஒருவரும் எடுக்கவில்லை. கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு, குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் வெளிநாட்டு எண்களை எடுக்கவே கூடாது என்று நான் நெடுநேரம் பேசியிருந்தேன். (கைதட்டினார்கள். பேச்சு முடிந்ததற்காகத் தட்டினார்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.) அம்மாவிடம் எண்ணை வாங்கிக் கொடு என்று தீபாவுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். அவள் போன்தான் வாசலில் கிடக்கிறதே. மறுபடியும் வங்கி, மறுபடியும் எண் கேட்பு, மறுபடியும் சரோஜா. பின்னால் மறுபடியும் ‘டிங்’.

“வேணாம் தம்பி,” என்று ஆரம்பித்தாள். நான் கெஞ்சினேன். தீபாவின் சீட் போய்விடும் என்றேன். குரல் நிஜமாகவே உடைந்துவிட்டது. அவளும் கொஞ்சம் தடுமாறினாள் என்று நினைக்கிறேன். “சரி, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். சரியா சொன்னா நம்பர் தரேன். எம் பொண்ணு எப்ப பொறந்தா?”

என் வாழ்க்கையில் இவ்வளவு சுலபமான கேள்வியை யாரும் கேட்டதில்லை. இவ்வளவு பயந்ததும் இல்லை. தீபத்துக்கு முன்னால் என்று சொன்னால் அவள் எழுந்து அடுத்த அறைக்குப் போவாள், கையிலிருக்கும் போனோடு நானும் போவேன். சீட் போய்விடும். மொட்டை மாடியில் அந்த முதுகு. எத்தனையோ கார்த்திகைகளாகக் காத்து வந்த உண்மையை, ஒரு பினாங்கு சாப்பாட்டுக் கடையில், பாதி தின்ற இலைக்கு முன்னால் விட்டுக்கொடுத்தேன்.

“தீபம் ஏத்தின அதே நேரத்துல. அரோகராவும் அவ அழுகையும் ஒண்ணாதான் கேட்டுச்சு. இத்தன நாளா நீ சொன்னதுதான் சரி.”

உருகிவிட்டாள் என்று நினைத்தேன். பேனாவைக்கூட எடுத்துவிட்டேன்.

“தம்பி,” என்றாள், குரலைத் தாழ்த்தி. “எங்க ஊரு, எங்க பொண்ணு, எங்க சண்ட வரைக்கும் விசாரிச்சிட்டுதான் வந்திருக்க. எங்க வீட்டுக்காரர மட்டும் விசாரிக்கல. கழுத்துல கத்தி வச்சாலும் அவரு இத ஒத்துக்க மாட்டாரு.”

வைத்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் என் கணக்கு முடக்கப்பட்டதாக வங்கிப் பக்கம் தெரிவித்தது. அறிவிப்பின் கடைசி வரியை அவள் ஒரு சொல் பிசகாமல் நிறைவேற்றியிருந்தாள். எங்கள் திருமண வாழ்க்கையில் நான் எழுதிய ஒன்றை அவள் முழுதாகப் படித்தது அதுவே முதல் முறை.

சாப்பாட்டுக்குக் கார்டை நீட்டினேன், போகவில்லை. பன்னீர் கொடுத்தார். குழு ஏதோ கோயிலைப் பார்க்கப் போனது. நான் அந்தக் கடை வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். எனக்காகப் பன்னீரும் உட்கார்ந்தார். ஊர்க் கணக்கில் ஐந்து மணி வந்து, கடந்தது. பன்னீர் ஒரு டீ வாங்கிவந்து பக்கத்தில் வைத்தார். தீபாவிடம் என்ன சொல்வது என்று யோசித்தேன். ஒரு போன் திட்டத்தின் விலைக்காக என்றா?

அப்புறம் மின்னஞ்சல் வந்தது. பிரிக்கவே பயமாக இருந்தது.

“அப்பா, உஷாரா இருங்க. உங்க பேர்ல ஒரு திருடன் பினாங்குலேர்ந்து அம்மாகிட்ட பேசியிருக்கான். நான் வெளிய வந்ததும் அம்மா சொன்னாங்க. நம்பர் கேட்டு மெயில் வேற. மொதல்ல நீங்களா இருக்குமோன்னு நெனச்சேன். தீபத்தப்பதான் நான் பொறந்தேன்னு ஒத்துக்கிட்டான்னு அம்மா சொன்னதும், கண்டிப்பா நீங்க இல்லன்னு தெரிஞ்சிடுச்சு. பீஸ அம்மா அவங்க கணக்குலேர்ந்தே கட்டிட்டாங்க. சீட் கன்ஃபார்ம். இந்த மெயில் உங்களுக்கு வருதா அவனுக்கு வருதான்னு தெரியல. அவனுக்கு வந்தா: உனக்கு வெக்கமா இல்லயா?”

இருந்தது. படித்துவிட்டுப் பன்னீரிடம் கொடுத்தேன். அவர் கடை வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. சரோஜா வீட்டில் பிளவுஸ் தைப்பாள் என்று தெரியும். அவள் கணக்கில் ஒரு கல்லூரிக் கட்டணம் அளவுக்குச் சேர்ந்திருந்தது தெரியாது. ஊருக்குப் பெய்த மழையையெல்லாம் குறித்து வைத்தவனின் பதிவுகளில் அது மட்டும் எங்குமே இல்லை.

மிச்சப் பயணம் முழுக்கப் பன்னீர் தயவில் நடந்தது. முடங்கிய கணக்கைத் திறக்க, திரும்பிய பிறகு நான் வங்கிக்கு நேரில் போய் அசல் நான்தான் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. பட்டன் போனோடு போய் நின்றபோது போன் கடைக்காரர் சொன்னார், சிம்மை என் போனிலேயே வைத்து ரோமிங்கை மட்டும் திறந்து வைத்திருந்தால், வெளிநாட்டில் வந்து சேரும் குறுஞ்செய்திக்கு என் போன் நிறுவனத்தில் கட்டணமே கிடையாதாம். அதாவது அந்த ஓ.டி.பி. இலவசம்.

ஊர் திரும்பிய அன்று காலை, பெட்டியோடு வாசலில் நின்றபோது சரோஜா கதவைப் பாதிதான் திறந்தாள். தலை முதல் கால் வரை பார்த்தாள்.

“தீபா எப்ப பொறந்தா?”

“தீபத்துக்கு முன்னாடி.”

“உள்ள வாங்க,” என்றாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இது வழக்கமாகிவிட்டது. நான் எங்கிருந்து போன் செய்தாலும் தான் பிறந்த நேரத்தைத்தான் தீபா முதலில் கேட்பாள். அவளுக்குக் கல்யாணம் பேச வந்த மாப்பிள்ளை வீட்டாருக்கும் கதை தெரியும். கார்த்திகை வந்தால் மாப்பிள்ளையே, “மாமா பினாங்குல ஒத்துக்கிட்டாராமே,” என்று எடுத்துக் கொடுக்கிறார். என் பதில் ஒன்றுதான். ஒத்துக்கொண்டவன் திருடன் என்று சரோஜாவே தீர்ப்புச் சொன்னாள். திருடனின் வாக்குமூலத்தை என் மேல் ஏற்ற முடியாது. அவள் ஏதாவது ஒரு பக்கம் நிற்க வேண்டும். அவள் நிற்பதில்லை, அடுத்த அறைக்குப் போகிறாள், இப்போது சிரித்துக்கொண்டு.

பிறப்புச் சான்றிதழில் தேதி மட்டுமே உண்டு. இனிப்புக் கடை ரசீதிலும் நேரம் இல்லை. அன்று பெண் குழந்தை என்று வந்து சொன்ன ஆயா, ஓய்வுபெற்று அடி அண்ணாமலையில் மகன் கடையில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போய் விசாரித்தேன். தீபத்தின்போது பிறந்த குழந்தை ஞாபகம் இருக்கிறதா என்றேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். “அன்னிக்கு பொறந்த அத்தினி கொழந்தைக்கும் இதத்தான் சொல்றாங்க சார். யாரன்னு நான் ஞாபகம் வச்சிக்கறது?”

ஆகவே, தீபா பிறந்தது தீபத்துக்கு முன்பா, தீபத்தின்போதா என்பது இதை எழுதும் நாள்வரை உறுதிசெய்யப்படவில்லை.