துரை பேசாத பேச்சு

பள்ளிக்கூடத்து நாள் முதல் நான் நாட்குறிப்பு எழுதி வருகிறேன். ஒரு நாள்கூட விட்டதில்லை. ஒரு பொய்கூட எழுதியதில்லை. மழை பெய்தால் எத்தனை மணிக்குத் தொடங்கியது, எத்தனை மணிக்கு விட்டது என்று இருக்கும். விருந்தாளி வந்தால் எப்போது வந்தார், எப்போது கிளம்புவதாகச் சொன்னார், உண்மையில் எப்போது கிளம்பினார் என்று மூன்றும் இருக்கும். இந்த ஒழுங்கு ஒரு மனிதனை எங்கேயோ கொண்டுபோய்விடும் என்று இளமையில் நம்பியிருந்தேன். லண்டனுக்குப் போயிருக்க வேண்டியவனை மதுரையிலேயே உட்கார வைத்தது அதுதான்.

யுத்தம் ஆரம்பிப்பதற்கு முன்பு நடந்தது இது. எனக்கு இருபத்தேழு வயது. வடக்கு மாசி வீதியிலிருந்து வாரம் மூன்று நாள் வெளிவந்த ஒரு தமிழ்ப் பத்திரிகையில் உதவியாசிரியராக இருந்தேன். (நிருபரும் நான்தான், பிழை திருத்துவதும் நான்தான். ஆசிரியர் தூங்கும்போது அவரைத் தேடி வருகிறவர்களிடம், அவர் தலையங்கத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பதாகச் சொல்வதும் நான்தான்.)

அந்த வருஷம் லண்டனில் ஒரு தர்ம ஸ்தாபனம் ஓர் அறிவிப்புச் செய்தது. இந்தியாவில் பத்திரிகை வேலையில் இருக்கும் ஒருவரைத் தேர்ந்தெடுத்து ஆறு மாதம் அங்கே வரவழைத்துப் பெரிய பத்திரிகை ஆபீஸ்களில் பயிற்சி கொடுப்பார்கள். கப்பல் சீட்டு முதல் குளிருக்கான கோட்டு வரை எல்லாம் அவர்கள் பொறுப்பு. நான் விண்ணப்பம் போட்டேன். அதை ஐந்து முறை நகல் எடுத்து, எழுத்துகள் ஒரே உயரத்தில் நின்ற நகலை அனுப்பினேன். தெற்கு ஜில்லாக்களிலிருந்து நான்கு பேரை நேரில் பார்க்கப்போவதாகவும், அதில் நான் ஒருவன் என்றும் பதில் வந்தது.

அன்றிலிருந்து வீட்டில் முள்கரண்டியும் கத்தியும் வைத்துச் சாப்பிட்டுப் பழகினேன். என் மனைவி இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் காலையில், “அந்த இட்லி உங்களை என்ன பண்ணுச்சுன்னு இந்தக் குத்து குத்துறீக?” என்று கேட்டாள். கப்பலில் இதெல்லாம் தெரியாவிட்டால் பட்டினி கிடக்க வேண்டியதுதான் என்றேன். கப்பல் என்ற சொல்லை அந்த மாதம் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன்.

தேர்வு செய்ய வந்தவர் லண்டனில் பத்திரிகை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு துரை. புதன்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு ஊர் வாசகசாலையில் ‘செய்தியில் உண்மை’ என்ற தலைப்பில் அவர் பேசுவதாக ஏற்பாடு. மறுநாள் பதினொரு மணிக்குத் தல்லாகுளத்தில் அவர் தங்கும் பங்களாவில் எனக்குப் பேட்டி.

இங்கே எங்கள் பத்திரிகையின் தொழில்முறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வியாழக்கிழமை இதழை நாங்கள் புதன்கிழமை பிற்பகலே அச்சிட்டுவிடுவோம். நாலு மணிக்கு மெஷின் ஓடினால்தான் வெளியூர்க் கட்டுகள் சாயங்கால வண்டிகளைப் பிடிக்கும். ஊரில் கூட்டம் நடப்பதோ ஆறு மணிக்கு. ஆகவே கூட்டத்தை நாங்கள் மத்தியானமே நடத்திவிடுவோம். யார் தலைமை, யார் பேச்சு, என்ன பொருள் என்பது நோட்டீஸில் இருக்கும், மற்றது ஊகம். எல்லாக் கூட்டமும் ஒரே மாதிரி நடந்ததால் எங்கள் ஊகம் பொய்த்ததே இல்லை.

இதில் எங்கள் போர்மேன் சுப்பையா ஒரு படி மேலே போயிருந்தார். செல்லூர்க்காரர், சிக்கனமான கை. கூட்டச் செய்திகளில் திரும்பத் திரும்ப வரும் வரிகளை அவர் ஒவ்வொரு தடவையும் அச்சுக் கோப்பதில்லை. ‘மண்டபம் நிரம்பி வழிந்தது’, ‘வந்தனோபசாரத்துடன் கூட்டம் இனிது முடிந்தது’ ஆகியவற்றை ஏற்கெனவே கோத்து, நூல் கட்டி, ஒரு தட்டில் வரிசையாக வைத்திருப்பார். அடைப்புக்குறிக்குள் போடும் ‘கரகோஷம்’ மட்டும் அதில் ஒரு டஜன் இருந்தது.

அந்தப் புதன்கிழமை எனக்கு ஒரு யோசனை தோன்றியது. துரையின் முழுப் பேச்சும் மறுநாள் காலை இதழில் வந்துவிட்டால்? பேட்டிக்குப் போகும்போது அதை அவர் முன்னால் வைத்தால்? மற்ற மூன்று பேரும் பழைய பத்திரிகைக் கத்தரிப்புகளை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். நான் மட்டும் நேற்றைய பேச்சை இன்று சுடச்சுட நீட்டுவேன்.

உட்கார்ந்து எழுதினேன். அந்தப் பேச்சைப்போல ஒன்றை அதற்கு முன்பும் எழுதியதில்லை, பின்பும் எழுதியதில்லை. “கண்ணால் காணாததைக் கையால் எழுதாதே” என்று துரையைச் சொல்ல வைத்தேன். “ஒரு நிமிஷம் பிந்திய உண்மை மன்னிக்கத்தக்கது; ஒரு நிமிஷம் முந்திய பொய் மன்னிக்கத்தகாதது” என்றும் அவரே சொன்னார். இவற்றை எழுதும்போது எனக்குக் கொஞ்சமும் கூச்சம் தோன்றவில்லை என்பதையும் உள்ளபடியே குறிப்பிட வேண்டும். முடிவில், மதுரைப் பத்திரிகையாளர்களின் துல்லியம் தம்மை வியக்க வைத்ததாக அவர் சொன்னார். (அந்தச் சொற்றொடரைப் பன்மையில் எழுதியது என் அடக்கம்.)

சுப்பையா பிரதியை வாங்கிப் பார்த்துவிட்டுத் தட்டை இழுத்தார்.

“அண்ணே, கரகோஷம் எத்தனை வேணும்?”

“ஏழு.”

“ஏழா? கலெக்டருக்கே அஞ்சுதான் போட்டோம்.”

“இவரு லண்டன்லருந்து வாராரு சுப்பையா.”

“அப்பச் சரி” என்று எண்ணி எடுத்துக்கொண்டார்.

நாலு மணிக்கு மெஷின் ஓடியது. ஐந்தே கால் மணிக்குக் கட்டுகள் ஸ்டேஷனுக்கும் பஸ் நிலையத்துக்கும் போயின. ஐந்தே முக்கால் மணிக்கு நான் வாசகசாலையில் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். என் பேச்சைத் துரை எப்படிப் பேசுகிறார் என்று கேட்கும் ஆசைதான்.

ஆறு மணிக்குத் துரை வரவில்லை. ஆறரைக்கும் வரவில்லை. ஏழு மணிக்குச் சற்று முன்பு சைக்கிளில் ஒருவர் வந்து சேதி சொன்னார். மத்தியானம் மலைகளைப் பார்க்க மேலூர்ப் பக்கம் போன துரையின் கார், திரும்பும் வழியில் வாய்க்காலில் இறங்கிவிட்டதாம். ஆளுக்குச் சேதமில்லை, கார் நகரவில்லை. இன்று மேலூரிலேயே தங்கிவிட்டு, காலையில் நேராகத் தல்லாகுளம் வந்துவிடுவாராம்.

கூட்டம் கலைந்ததும் அச்சுக்கூடத்துக்கு ஓடினேன். சுப்பையா மண்ணெண்ணெயில் கை கழுவிக்கொண்டிருந்தார். மிச்சமிருந்த உள்ளூர்ப் பிரதிகளையாவது நிறுத்தும்படி ஆசிரியரிடம் கெஞ்சினேன். அவர் வெற்றிலையை மடித்தபடியே கேட்டார்.

“ஏப்பா, துரைக்குத் தமிழ் தெரியுமா?”

“தெரியாதுங்க.”

“அப்புறம் என்ன? போய்ப் படு. அடுத்த இதழ்ல ஒரு வரி திருத்தம் போட்டுக்கலாம்.”

இதில் ஒரு நியாயம் இருப்பதாக எனக்குப் பட்டது. ஆறுதலோடு வீட்டுக்குப் போய், அன்றைய நாட்குறிப்பை வழக்கம்போல் எழுதி முடித்தேன்.

மறுநாள் பதினொரு மணிக்கு இரண்டு நிமிஷம் முன்னதாகவே பங்களா வாசலில் நின்றேன். உள்ளே மேஜைக்குப் பின்னால் துரை. பக்கத்தில் அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்ல ஒரு பெரியவர், கோர்ட்டில் சிரஸ்தாராக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக, இருந்து ரிட்டையரானவர். மேஜைமேல் எங்கள் பத்திரிகை. அது நான் கொண்டுபோன பிரதி அல்ல. பழக்கத்தில் கையோடு எடுத்துவந்த என் பிரதி சட்டைக்குள் ஒளிந்திருந்தது.

மேலூரில் எங்கள் ஏஜண்டு அபாரமான கடமை உணர்ச்சி உள்ளவர். இரவு பஸ்ஸில் வந்திருந்த கட்டைக் காலையில் பிரித்துப் பார்த்திருக்கிறார். முந்தின நாள் சாயங்காலம் தானே நின்று வாய்க்காலிலிருந்து கைகொடுத்துத் தூக்கிவிட்ட துரை, அதே சாயங்காலம் மதுரையில் ஒன்றேகால் மணி நேரம் பேசியிருப்பதைப் படித்ததும் மனிதருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. பத்திரிகையோடு நேராகத் துரையிடமே போய்விட்டார். வரும் வழியில், கூடவே இருந்த சிரஸ்தார் அதை வரி வரியாக மொழிபெயர்த்துச் சொல்லியிருக்கிறார்.

துரை கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் காலில் விழுந்திருக்கலாம். மிகவும் மரியாதையாக ஆங்கிலத்தில் பேசினார்.

“நேற்று நான் நன்றாகப் பேசியிருக்கிறேன். எழுத எவ்வளவு நேரம் ஆயிற்று?”

“ஒன்றரை மணி நேரம், ஐயா. கைதட்டல் நீங்கலாக” என்றேன். துல்லியம் என் ரத்தத்தில் ஊறியது.

அவர் மீசை லேசாக அசைந்தது. பிறகு, “சரி, மண்டபத்தில் உண்மையில் என்ன நடந்தது? நீங்கள் அங்கே இருந்தீர்களா?” என்று கேட்டார்.

இழந்ததை மீட்க இதுதான் சமயம் என்று பட்டது. நான் எப்படிப்பட்ட ஆள் என்று இந்த மனிதர் பார்க்கட்டும்! கோட்டுப் பையிலிருந்து நாட்குறிப்பை எடுத்து, புதன்கிழமைப் பக்கத்தைத் திறந்து, “நிமிஷவாரியாக இருக்கிறது, ஐயா” என்று நீட்டினேன். அவர் அதைச் சிரஸ்தாரிடம் கொடுத்தார். சிரஸ்தார் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஒவ்வொரு வரியாகத் தமிழில் வாசித்து ஆங்கிலத்தில் சொன்னார்.

“5.50: ரோஜா மாலை வந்தது. 6.00: துரை வரவில்லை. 6.15: மாலைக்குத் தண்ணீர் தெளித்தார்கள். 6.25: வரவேற்புரை படிக்க இருந்தவர், காலி நாற்காலியைப் பார்த்து ஒருமுறை படித்துப் பழகினார். சபை கைதட்டியது. 6.35: அவரே மறுபடியும் படித்தார். சபை கைதட்டவில்லை. 6.55: சைக்கிள்காரர் சேதி சொன்னார். 7.05: மாலையை என்ன செய்வது என்று விவாதம். கூட்டத் தலைவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே குனிந்தார். போட்டார்கள்.”

துரை சிரித்தார். முதலில் மீசைக்குள், பிறகு வாய்விட்டு, கடைசியில் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு. “இதல்லவா செய்தி! இப்படி எழுதத் தெரிந்தவர் அதை ஏன் அச்சடித்தீர்கள்?” என்றார். நடந்ததைப் பத்திரிகையில் போடலாம் என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. அவர் பேனாவைத் திறந்து, என் பெயர் எழுதிய தாளை அருகே இழுத்தார். கப்பலின் சங்கு என் காதில் கேட்டது.

நாட்குறிப்பை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினேன். “அம்புட்டுதாங்கய்யா.”

“இன்னும் நாலு வரி இருக்கே தம்பி” என்றார் சிரஸ்தார். பல வருஷம் கோர்ட்டில் இருந்தவர். ஆவணத்தைப் பாதியில் விடும் பழக்கம் அவருக்குக் கிடையாது.

அந்த நாலு வரி எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. சிரஸ்தார் முதல் வரியை மனதுக்குள் படித்துவிட்டு ஒருமுறை இருமினார். துரை, “ம்” என்றார்.

“8.10: ஆசிரியரிடம் பேசினேன். துரைக்குத் தமிழ் தெரியாது, பயமில்லை. நாளை செய்ய வேண்டியவை. ஒன்று: முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளவும். இரண்டு: துரை பேச்சைப் பற்றிக் கேட்டால், வெயிலைப் பற்றிப் பேசவும்.”

ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று வாயைத் திறந்தேன். என்னையறியாமல் வந்தது இதுதான்: “இந்த வருஷம் வெயில் கொஞ்சம் அதிகம், ஐயா.”

துரை பேனாவை மூடினார். அவர் சொன்னதை அன்றே எழுதிவைத்திருக்கிறேன். “இந்தக் குறிப்பை எழுதியவரை நான் சந்தோஷமாக லண்டனுக்கு அழைத்துப் போவேன். ஆனால் அந்தப் பேச்சை எழுதியவரும் அதே கப்பலில் ஏறிவிடுவாரே.”

எழுந்து கை குலுக்கினார். பத்திரிகையைத் தாமே வைத்துக்கொள்ள அனுமதி கேட்டார். இவ்வளவு நன்றாகப் பேசியதாகச் சொன்னால் அவர் மனைவி நம்பமாட்டாராம். அச்சில் காட்ட வேண்டுமாம். அனுமதித்தேன். லண்டனுக்குப் போனது அந்த ஒரு பிரதிதான். அந்த லண்டன் பயிற்சி திருச்சிக்காரர் ஒருவருக்குக் கிடைத்தது.

வீட்டுக்கு வந்ததும், பேட்டி எப்படி என்று மனைவி கேட்டாள். நல்லபடியாக நடந்தது என்றேன். அவளுடைய தம்பி முந்தின நாள் வாசகசாலையில் பின் வரிசையில் இருந்திருக்கிறான் என்பதோ, காலையில் வந்து பத்திரிகையைப் படித்துக் காட்டி இருவரும் சிரித்து முடித்துவிட்டார்கள் என்பதோ எனக்குத் தெரியாது. சாதத்தைப் பரிமாறிக்கொண்டே நிதானமாகக் கேட்டாள்:

“நடந்ததைச் சொல்றீகளா, அச்சானதைச் சொல்றீகளா?”

அன்று பிடித்தது இந்தக் கேள்வி. இந்தக் குடும்பத்தில் யார் எதைப் பெருமையாகச் சொன்னாலும் நாலு மூலையிலிருந்தும், “நடந்ததா, அச்சானதா?” என்று கேள்வி வரும். பிள்ளைகள் பரீட்சை மார்க்கைச் சொன்னாலும் வரும். மைத்துனன் மீன் பிடித்த கதையைச் சொன்னாலும் வரும். பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட இப்போது கேட்கிறார்கள்.

போன தையில் மூத்த மகளுக்குக் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை கணக்கு வாத்தியார்; அதிகம் பேசாதவர். மறுவீட்டுக்கு வந்திருந்தபோது அவரைப் பேச வைக்கலாமென்று, இளமையில் நான் லண்டனுக்குப் போக இருந்ததையும், ஒரு வெள்ளைக்கார ஆசிரியர் என் எழுத்தைப் படித்துக் கண்ணில் நீர் வரும்வரை ரசித்ததையும் சொன்னேன். (இரண்டும் உண்மை.) மாப்பிள்ளை இலையில் வைத்த கையை எடுக்காமல் கவனமாகக் கேட்டார். பிறகு ஒருமுறை என் மகளைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள், தோள் குலுங்கியது.

“மாமா,” என்றார் மாப்பிள்ளை, மிகுந்த மரியாதையோடு, “இது நடந்ததா, அச்சானதா?”