லேபல் அண்ணையின் அமெரிக்க மலை

லண்டன் மாநகரத்தில் ஓவியம் சேர்த்தவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். ஒரே ஓர் ஓவியத்துக்குத் தகப்பன், தரகர், வைத்தியர், மெய்க்காப்பாளர் என்று சகலமுமாக வாழ்ந்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். எண்பதுகளில் மிச்சம் (Mitcham) என்னும் புறநகர்ப் பகுதியில் நாங்கள் ஐந்து பிரமச்சாரிகள் வாடகைக்கு இருந்த வீட்டில், சமையலறையை ஒட்டிய அறை அவருடையது. சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கும். எங்களுக்கு அவர் லேபல் அண்ணை.

நகரத்தின் நடுவே ஒரு படக் கலைக்கூடத்தில் காவல் வேலை. வருகிறவர்கள் படத்தைப் பார்ப்பார்கள். இவர் பக்கத்தில் ஒட்டியிருக்கும் லேபலைப் படிப்பார். எந்தப் படம் யாரிடமிருந்து யாருக்குப் போனது, எந்த ஊரில் காட்சிக்கு வைத்தார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"படம் எவனும் கீறுவான், ஐசே. ஆரிட்டை இருந்தது, எங்கையெங்கை தொங்கினது, அதிலைதான் விசயம் இருக்கு" என்பார். அந்தப் படத்தில் என்ன இருந்தது என்று கேட்டால் முழிப்பார்.

பக்கத்து வீட்டில் ஓர் அமெரிக்கக் கிழவி தனியாக இருந்தார். அவருடைய குப்பைத் தொட்டியை வாரா வாரம் தெருவுக்கு இழுத்து வைத்தது லேபல் அண்ணைதான். முதியோர் இல்லத்துக்குப் போகிற அன்று கிழவி, கதவளவு ஓவியம் ஒன்றை அண்ணையின் கையில் கொடுத்துவிட்டுக் காரில் ஏறினார். ஒரு சிவந்த மலை, வெறும் தரை, ஒரு தந்திக் கம்பம். மனிதர் இல்லை, ஆடுமாடுகூட இல்லை. நாங்கள் உதட்டைப் பிதுக்கினோம். அண்ணை படத்தைத் திருப்பினார். முதுகெல்லாம் லேபல்! முதல் சொந்தக்காரர் நியூ மெக்சிகோவில் ஒரு பல் வைத்தியர். அவருக்குப் பிறகு அவருடைய மகள். மூன்று ஊர்களில் கண்காட்சி. கடைசியாக வாங்கியது கிழவியின் கணவர். அண்ணை அதை ஜாதகம் போல மூன்று தரம் வாசித்தார். அன்றைக்கு அவர் சோறு தின்னவில்லை.

"இருவது வருசமா இது எங்கையும் தொங்கேல்லை. இப்பிடி விட்டா வரலாறு அறுந்துபோம். நான் விடமாட்டன்."

எந்தக் கலைக்கூடம் இவரை மதிக்கும்? ஆனால் எங்கள் சனம் இருந்தது. அந்தக் காலத்தில் எங்கள் கலியாணமும், பெண்பிள்ளை பெரியபிள்ளையானதைக் கொண்டாடும் சாமத்தியவீடும் பள்ளிக்கூட மண்டபங்களில்தான் நடக்கும். மணவறைக்குப் பின்னால் பிள்ளைகள் தேகப்பயிற்சிக்கு ஏறும் மர ஏணி அசிங்கமாகத் தெரியும். அதை மறைக்க இந்தப் படம் கச்சிதமாகப் பொருந்தியது. வால்தம்ஸ்டோ சாமத்தியவீட்டு அல்பம் ஊருக்குப் போக, பிள்ளையின் பெரிய தகப்பன் பதறி எழுதினார்: "பிள்ளையை ஏன் வெயிலிலை நிப்பாட்டினனீங்கள்?"

குத்துவிளக்கு இரவல் வாங்கினால்கூட எங்களுக்குள் வாய்ப்பேச்சுத்தான். அண்ணையிடம் மட்டும் இரவல் பத்திரம். 'உரிமையாளர்' என்ற இடத்தில் அவர் பெயர், 'இரவல் பெறுபவர்' என்ற இடத்தில் உங்கள் கையெழுத்து. வெள்ளைக் கையுறையோடு சபையில் நின்று, "மாமா, மலையிலை சாயாதேங்கோ!" என்று மணமகனின் மாமனையே விரட்டுவார். விருந்து முடிந்ததும் டோர்ச் அடித்துப் பரிசோதனை. பிறகு முதுகில் புது லேபல். மீன் கடைக்காரர் ஒருவரின் வான் வண்டியில் கொண்டுபோன தடவை இப்படி எழுதியிருந்தார்: 'படத்தின் நிலை நன்று. மணம் அறக்குளா மீன்.'

வட லண்டன் எட்மண்டனில் ஒரு வீட்டுக்காரர் புதுமனை புகுவிழாவுக்குப் படத்தை இரவல் வாங்கினார். திரும்ப எடுக்கப் போனால், படத்துக்கு மாலை, முன்னால் கற்பூரம், மலையடிவாரத்தில் சந்தனப் பொட்டு. அந்த வீட்டு அம்மா சிவந்த மலையைத் திருவண்ணாமலை என்றே முடிவு செய்துவிட்டார்.

"அம்மா, உது அமெரிக்காவணை!" என்று அலறினார் அண்ணை.

"இருக்கட்டும் மோனை. அவர் அங்கையும் இருப்பார்தானே?"

அண்ணை கைக்குட்டையால் துடைத்துப் பார்த்தார். பொட்டு அழியவில்லை.

உச்சக்கட்டம் கிழவியின் பிறந்தநாள். தன் மலையை ஒருநாள் பார்க்க வேண்டும் என்று முதியோர் இல்லத்திலிருந்து சொல்லியனுப்பினார். அண்ணை கையுறையோடு போனார், கூடவே பத்திரமும் போனது! தான் கொடுத்த படத்தைப் பார்க்கத் தானே கையெழுத்துப் போட்டார் கிழவி. நாங்கள் அண்ணையை ஒரு கிழமை முழுக்கத் திட்டினோம்.

தொண்ணூறுகளில், கிழவி காலமான பிறகு, ஒரு கண்காட்சி நிலையத்திலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண் எங்கள் வீட்டு மணியை அடித்தார். அந்த மலையை வரைந்த ஓவியர் இப்போது பேர்போனவராம், அவருக்கு லண்டனில் பெரிய கண்காட்சியாம், காணாமல்போன மலையைத் தேடுகிறார்களாம். 'கையுறைக்காரர்' என்று முதியோர் இல்லத்தில் அடையாளம் சொன்னார்களாம். அண்ணை தேத்தண்ணியை அப்படியே விட்டுவிட்டு வெள்ளைக் கையுறையைத் தேடி ஓடினார். பன்னிரண்டு வருடக் கனவு வாசலில் வந்து நின்றது.

படத்தைப் பார்த்துப் பூரித்த பெண் ஒரு கேள்வி கேட்டார்: "கணவருக்குப் பிறகு அந்த அம்மா. அவரிடமிருந்து உங்களுக்கு எப்படி வந்தது? எழுத்தில் ஏதாவது இருக்கிறதா? இல்லாவிட்டால் எங்களால் தொங்கவிட முடியாது."

அண்ணையின் முகம் வெளிறிவிட்டது. ஊரெல்லாம் கையெழுத்து வாங்கிய மனிதர், தனக்குப் படம் வந்தபோது ஒரு துண்டுக் கடதாசிகூட வாங்கவில்லை.

"மனுசி அன்பாத் தந்தது. அதுக்குக் கடதாசி கேக்கிறதே?" என்றார் என்னிடம், அழாக்குறையாக. கள்ளன் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம் அவர் கண்ணில் தெரிந்தது. 

சட்டென்று எனக்குப் பொறி தட்டியது. "அண்ணை, பிறந்தநாள் பத்திரம்!"

கட்டில் அடியிலிருந்து பிஸ்கட் தகரம் வந்தது. உரிமையாளர்: லேபல் அண்ணை. இரவல் பெறுபவர்: கிழவி, சொந்தக் கையெழுத்தில். அந்தப் பெண் வாசித்தார், சிரித்தார், மறுபடி வாசித்தார். இதைவிடப் பலமான சாட்சியம் தான் பார்த்ததில்லை என்றார். சந்தனப் பொட்டைப் பற்றியும் கேட்டார். அண்ணை நிமிர்ந்து, "தட் இஸ் ஹிஸ்டரி, மேடம்" என்றார்.

கண்காட்சிக்கு நாங்கள் கோட்டுப் போட்டுக்கொண்டு போனோம். சுவரில் மலை, பக்கத்தில் 'தனியார் சேகரிப்பு, மிச்சம்' என்று லேபல். அந்தப் பெண் ஒரு வரியையும் தள்ளாமல் முழு வரலாற்றையும் கண்காட்சிப் புத்தகத்தில் அச்சிட்டிருந்தார். பல் வைத்தியருக்குக் கீழே சாமத்தியவீடு, மீன் வான், கற்பூரம். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். ஒரு வரி வந்ததும் என்னால் சிரிக்க முடியவில்லை.

'மிச்சம், மேல்மாடிப் பின்னறை. முப்பத்தொரு நாட்கள். பத்திரம் இல்லை.'

அது என் அறை. ஊரில் அம்மா செத்த செய்தி வந்து, போக வழியில்லாமல் வெறுஞ்சுவரைப் பார்த்துக்கொண்டு நான் கிடந்த நாட்கள். செய்தி வந்த மறுநாள் காலை கண் விழித்தால் எதிரே சிவந்த மலை.  முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடியும்வரை அது அங்கேயே இருந்தது.

"ஏன் அண்ணை என்னட்டை மட்டும் கையெழுத்து வாங்கேல்லை?" என்று கேட்டேன்.

"உமக்கு அப்ப கை நடுங்கினது, ஐசே" என்றார் லேபலைப் பார்த்தபடி.

எனக்கு அந்த மனிதரை நிரம்பப் பிடிக்கும். அதை அங்கேயே அவரிடம் சொல்லியிருக்கலாம்.